கண்டியைப் பிடித்தவர்களும் கண்டியை ஆண்டவர்களும்

பலம் மிக்க இராணுவம் ஒன்று இன்னொரு நாட்டின்மீது படையெடுத்து, அதைத் தன் பிடியில் வெற்றிகரமாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் ஆகியவற்றைப் பார்த்தால் எவராலும் முடியாது என்றே தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எதிரியின் படையை முறியடித்துத் தலைநகருக்குள் நுழைய முடியுமா என்பது முதலாவது. நுழைந்த பின்னர் அங்கே வரி வாங்கவும், வழக்குகளைத் தீர்க்கவும், தன் வீரர்களுக்கு நாள் தவறாமல் சோறு போடவும் முடியுமா என்பது இரண்டாவது. முதலாவது பல தடவை நடந்திருக்கிறது; பலத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது சில வாரங்களில்கூட முடிந்துவிடும். இரண்டாவதும் நடந்திருக்கிறது. ஆகவே எவராலும் முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அது படைபலத்தால் மட்டும் நடந்ததாக எனக்குத் தெரிந்த உதாரணம் இல்லை. நடந்த இடங்களில் அது எவ்வாறு நடந்தது என்பதைப் படிக்கும்போது மனம் கலங்கவே செய்கிறது.

நான் இராணுவத்தில் இருந்தவன் அல்ல. இலங்கையின் கண்டி மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். எனவே எனக்குப் பழக்கமான நிலத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கேள்வியை ஆராய்வதற்குக் கண்டி இராச்சியத்தைப் போல் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என மூன்று வல்லரசுகள், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஒரே மலைநாட்டின்மீது திரும்பத் திரும்பப் படை நடத்தின. அவர்களில் பலர் நகருக்குள் நுழைந்தார்கள். நாட்டை ஆண்டவர்கள் கடைசியாக வந்தவர்கள் மட்டுமே. அவர்களும் முதல் முயற்சியில் அழிந்துபோனவர்கள்தான்.

1594 ஆம் ஆண்டில் பேதுரு லோப்பஸ் டி சூசா என்ற போர்த்துக்கேயத் தளபதி கண்டிக்குள் நுழைந்தபோது அவரிடம் நல்ல திட்டம் ஒன்று இருந்தது. கண்டி அரச குலத்தில் பிறந்து, போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, ஞானஸ்நானம் பெற்றிருந்த குசுமாசன தேவியை அரியணையில் அமர்த்தி அவள் பெயரால் ஆள்வது அந்தத் திட்டம். இன்றைய ஆக்கிரமிப்பாளர்களும் தமக்கு வேண்டிய ஒருவரைத் தலைவராக நிறுத்தும்போது இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அரசியின் பக்கத்தில் போர்த்துக்கேயர் மட்டுமே நிற்பதையும், அவளை ஒரு போர்த்துக்கேயருக்கே மணமுடித்து வைப்பார்கள் என்ற பேச்சையும் கண்ட மக்கள் விலகிப் போனார்கள். போர்த்துக்கேயரோ தமது முக்கியமான உள்நாட்டுத் துணைவனான ஜயவீர பண்டாரவையே துரோகி என்று சந்தேகித்துக் கொன்றார்கள். அவனோடு வந்த படையினர் கலைந்தார்கள். உணவு தேடி ஊர்களுக்குள் போன சிறு குழுக்கள் திரும்பி வரவில்லை. எஞ்சிய படை பின்வாங்கும் வழியில் தந்துரேயில் அழிந்தது. அதே அரசியைத் திருமணம் செய்து முதலாம் விமலதர்மசூரியன் மன்னனானான். போர்த்துக்கேயர் தேடி வைத்திருந்த உரிமை அவன் கைக்குப் போனது.

1630 இல் கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள ஊவாவில் கொன்ஸ்தந்தினோ டி சாவின் படையும், 1638 இல் கன்னொருவையில் தியோகோ டி மெலோவின் படையும் இதே விதமாக அழிந்தன. பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அதே கன்னொருவைதான். லஸ்கரின்கள் எனப்பட்ட உள்நாட்டுச் சிப்பாய்கள் முக்கியமான நேரத்தில் கண்டியர் பக்கம் சாய்ந்தமை இத்தோல்விகளில் பெரும் பங்கு வகித்தது. ஐரோப்பியரின் படை என்று நாம் சொல்வது எண்ணிக்கையில் பெரும்பாலும் இந்நாட்டவரின் படையாகவே இருந்தது. பொதி சுமந்தவர்கள் எல்லோரும் இந்நாட்டவர்கள்தாம். அவர்கள் விலகிய நாளில் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. ஒல்லாந்தர் 1765 இல் நகரைப் பிடித்து, காய்ச்சலாலும் பசியாலும் சில மாதங்களில் வெளியேறினார்கள். ஆயினும் அடுத்த ஆண்டு செய்த உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆக்கிரமிப்பு தோற்றாலும் போரின் நோக்கம் நிறைவேறலாம் என்பதை இந்த ஒரு உதாரணத்துக்காகவாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1803 ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரித்தானிய ஜெனரல் மக்டோவலின் படை கொழும்பிலிருந்தும் இன்னொரு படை திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டு, பெப்ரவரியில் பெரிய எதிர்ப்பில்லாமல் கண்டியை அடைந்தன. நகரம் வெறுமையாக இருந்தது. மன்னன் போய்விட்டான், மக்கள் போய்விட்டார்கள், களஞ்சியங்களும் பிரித்தானியருக்கு உதவவில்லை. அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமி என்பவரை அவர்கள் மன்னனாக அறிவித்தார்கள். வெற்று நகரத்தில் அவருக்குக் கீழ்ப்படிய ஒருவரும் இல்லை. பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது, வழிகளில் அரிசி கொண்டுவந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். பெரும் படையோடு தளபதி திரும்பிப் போன பின்னர், மேஜர் டேவியின் பொறுப்பில் விடப்பட்டிருந்த சுமார் ஆயிரம் பேரில் எழுந்து நிற்கக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். ஜூன் 24 ஆம் திகதி அவர்கள் சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்றுப் புறப்பட்டார்கள். வட்டாப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்க ஓடம் இல்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் வழிவிடுவோம் என்று சொல்லப்பட்டு, அவரை ஒப்படைத்தார்கள். அவர் கொல்லப்பட்டார். பிறகு படையினரும் கொல்லப்பட்டார்கள். நகரில் நோயாளிகளாகக் கிடந்தவர்களும் தப்பவில்லை. இதைச் சொல்லும்போது எந்தப் பக்கத்தையும் வெள்ளையடிக்க நான் விரும்பவில்லை. அந்த முத்துசாமியை எண்ணும்போதெல்லாம், பிறரின் படைக்கு முகமாக நிற்கச் சம்மதிக்கிறவர்களின் கதி என்னவாகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டாகிறது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1815 பெப்ரவரி 14 அன்று அதே பிரித்தானியர் அதே நகருக்குள் மறுபடி நுழைந்தார்கள். நான்கே நாட்களில் மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் மெதமகநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். மலை மாறவில்லை, காடு மாறவில்லை, காய்ச்சலும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? மன்னனுக்கும் பிரதானிகள் எனப்பட்ட உயர்குடித் தலைவர்களுக்கும் இடையிலான உறவு முறிந்திருந்தது. முதல் அமைச்சனாக இருந்த எகலப்பொல 1814 இல் பிரித்தானியரிடம் போய்ச் சேர்ந்தான். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் கொடூரமாகக் கொல்லப்பட்டது நாடு முழுவதையும் உலுக்கியது. சிங்களம் நன்கறிந்த ஜோன் டொயிலி என்ற அதிகாரி பல ஆண்டுகளாகப் பிரதானிகளோடு கடிதப் போக்குவரத்து வைத்து, யாருக்கு யார்மீது மனத்தாங்கல் என்பதை ஒவ்வொன்றாக அறிந்து வைத்திருந்தார். இன்னொரு காரணத்தை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். கண்டி அதுவரை பிழைத்திருந்தது ஒரு ஐரோப்பியரை இன்னொருவருக்கு எதிராக நிறுத்தியதால்; போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தர் கிடைத்தார்கள், ஒல்லாந்தருக்கு எதிராகப் பிரித்தானியரின் உதவியை நாட முடிந்தது. 1796 இற்குப் பின் கரையோரம் முழுவதும் ஒரே கையில் இருந்தது. கண்டிக்கு வெளியுலகம் என்று ஒன்று மிஞ்சவில்லை.

மார்ச் 2 ஆம் திகதி பிரித்தானியருக்கும் பிரதானிகளுக்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தானது. பௌத்த சமயமும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்று அதில் வாக்களிக்கப்பட்டது. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். இங்கே நிறுத்திவிட்டால், உள்ளூர்த் தலைவர்களின் சம்மதம் கிடைத்தால் ஆக்கிரமிப்பு வெல்லும் என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சம்மதம் மூன்று ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. கண்டியின் கடைசி மன்னர்களின் நாயக்கர் வம்சத்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவனைச் சுற்றி மக்கள் திரண்டார்கள். அதை அடக்க அனுப்பப்பட்ட மாகாண அதிகாரியான கெப்பெட்டிப்பொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டான். பிரதானிகள் மன்னனை நீக்கவே உடன்பட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் வந்து நிரந்தரமாகக் குடியமர்வார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. ஒரே கடதாசியில் கையெழுத்திட்ட இரு தரப்பினரும் அதை வெவ்வேறாகப் படித்திருந்தார்கள்.

அந்தக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் எப்படி அடக்கினார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குரிய மிகக் கசப்பான பதில். இந்தியாவிலிருந்து மேலதிகப் படைகள் வந்தன. ஊர்கள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, பழமரங்கள் வெட்டப்பட்டன, கால்நடைகள் பறிக்கப்பட்டன. சண்டையிட்டவர்களைக் காட்டில் தேடிப் பிடிக்க முடியாததால், அவர்களுக்குச் சோறு தந்த ஊர்களைப் பட்டினி போட்டார்கள். 1818 நவம்பர் 26 அன்று கெப்பெட்டிப்பொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டான். இறந்தவர்களின் தொகையை யாரும் முறையாக எண்ணவில்லை. அக்காலத்தில் இங்கிருந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி (1803 இன் மேஜர் டேவி வேறொருவர்), போரிலும் நோயிலும் பஞ்சத்திலும் மடிந்த கண்டியர் பத்தாயிரம் வரை இருக்கலாம் என்று ஊகித்தார். அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்; சமூக ஊடகங்களில் உலவும் பெரிய எண்கள் எவற்றுக்கும் அதைவிட உறுதியான ஆதாரத்தை நான் கண்டதில்லை. ஊவாவின் குளங்களும் வயல்களும் நீண்ட காலம் பாழடைந்து கிடந்தன என்பது மட்டும் உறுதியானது.

அதன்பின் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பாதையை 1820களில் போட்டார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து பாதை போன அந்த இடத்துக்கு மாணவர்களை நான் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். மலையைத் துளைத்து வருபவரே கண்டியை ஆள்வர் என்ற பழைய வாக்கு ஒன்றையும் அங்கே சொல்வார்கள். வாக்கு எப்போது பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பாதை செய்த வேலையில் சந்தேகமில்லை. 1817 இன் கிளர்ச்சியை அடக்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 1848 இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியில், ஜூலை மாதக் கடைசியில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். ஆகஸ்ட் 8 அன்று கிளர்ச்சியின் இன்னொரு தலைவனான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். இரண்டு வாரங்களில் கிளர்ச்சி முறிந்தது.

பாதையின் பின்னால் கோப்பி வந்தது. கோப்பிக்காக எங்கள் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர்கள் ஏராளம். ஆகவே ஆக்கிரமிப்பு வென்றதா என்ற கேள்வியை மலையகத் தமிழன் ஒருவன் பார்வையாளனாக நின்று கேட்க முடியாது. அந்த வெற்றியின் விளைவாகவே நாங்கள் இந்த மண்ணில் இருக்கிறோம். கண்டியரின் நிலமும் காடும் அரசின் உடைமையாக்கப்பட்டுத் துரைமாருக்கு விற்கப்பட்டதற்கும், அந்த நிலத்தில் எங்கள் பாட்டன் பாட்டிகள் லயங்கள் எனப்பட்ட வரிசை அறைகளில் அடைக்கப்பட்டதற்கும் வேர் ஒன்றுதான். இதைச் சிங்கள நண்பர்களிடமும் நான் சொல்வதுண்டு, அவர்களில் பலர் ஏற்றுக்கொள்வதுமுண்டு.

இனி நீங்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வருகிறேன். 1907 ஆம் ஆண்டின் ஹேக் ஒழுங்குவிதிகள், எதிரிப் படையின் அதிகாரத்தின் கீழ் உண்மையாகவே வந்துவிட்ட நிலப்பகுதியையே ஆக்கிரமிக்கப்பட்டது என்கின்றன. ‘உண்மையாகவே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2003 ஏப்ரல் 9 அன்று பக்தாத் அமெரிக்கர் கையில் விழுந்தது. படையெடுப்பு தொடங்கி மூன்று வாரங்கள்தாம் ஆகியிருந்தன. மே 23 அன்று ஈராக் இராணுவத்தையே கலைக்கும் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் சம்பளமும் மரியாதையும் இழந்தார்கள். நாட்டை நடத்தக்கூடிய கைகளைத் தாமே வெட்டிவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். ஜப்பானில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1945 ஆகஸ்ட் 15 அன்று பேரரசரே வானொலியில் சரணடைவை அறிவித்தார். அமைச்சுகளும் எழுதுவினைஞர்களும் பொலிசாரும் தத்தம் இடத்தில் இருந்தார்கள். அமெரிக்கர் அவர்கள் மூலமாகவே ஆண்டு, 1952 இல் ஆட்சியை ஒப்படைத்தார்கள். அத்துடன் ஜப்பானியருக்கும் மேற்கு ஜெர்மானியருக்கும் சோவியத் யூனியன் பற்றிய அச்சம் இருந்தது. அமெரிக்கர் போய்விடுவது அவர்கள் இருப்பதைவிட ஆபத்தானது என்று பலர் நினைத்தார்கள். எல்லா ஆக்கிரமிப்பாளருக்கும் அப்படியொரு வசதி வாய்ப்பதில்லை.

படையின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது என்று ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் குடிமக்களுக்கு இருபது படையினர் வேண்டும் என்பார்கள். இரண்டரைக் கோடி மக்கள் இருந்த ஈராக்குக்கு அதன்படி ஐந்து இலட்சம் பேர் தேவை. இருந்தவர்களோ ஒன்றரை இலட்சம் அளவில்தான். கணக்கு சரியாகப் பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் ஏழு கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஜப்பானில் அந்தக் கணக்குக் கேட்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கவில்லை. அங்கே அமைதி நிலவியது. வியட்நாமில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் இருந்தும் பலனில்லை. எனவே இதை விதியாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். எதிர்ப்பவர்கள் ஓடிப்போய் இளைப்பாறி ஆயுதத்தோடு திரும்பிவர எல்லைக்கு அப்பால் ஓர் இடம் இருக்கிறதா என்பது அதைவிட நம்பகமான அடையாளம். வியட்நாமில் அது இருந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்த ஒன்பது ஆண்டுகளிலும், பிற்பாடு அமெரிக்கர் இருந்த இருபது ஆண்டுகளிலும் பாகிஸ்தான் பக்கம் அது இருந்தது. 1818 இன் ஊவாவுக்கு அது இருக்கவில்லை.

நம் நாட்டுக்கே வந்த இந்திய அமைதிப் படையையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. அது 1987 ஜூலை ஒப்பந்தத்தின்பேரில் வந்தது என்பதால் படையெடுப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் உலகின் பெரிய இராணுவங்களுள் ஒன்று, தன் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழ் பேசும் அதிகாரிகளும் உடனிருக்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட தன் சிப்பாய்களை இழந்து, வடக்கு கிழக்கில் பொதுமக்கள் பலரின் உயிரிழப்புக்கும் காரணமாகி, 1990 மார்ச்சில் திரும்பியது. அழைத்த அரசே போகச் சொன்னது. வரவேற்ற மக்களே வெறுத்தார்கள். தூரமும் மொழியும் மட்டுமே தடைகள் என்று எண்ணுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனக்கு உறுதியாகத் தெரிவதையும் என் கருத்தையும் இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தலைநகரின் வீழ்ச்சி நாட்டின் வீழ்ச்சி ஆகாது என்பதும், உள்ளூர்க் கைகள் இல்லாமல் எந்த அந்நிய ஆட்சியும் ஓராண்டைக்கூட நிம்மதியாகக் கடந்ததில்லை என்பதும் கண்டியின் வரலாற்றில் தெளிவாகப் பதிந்திருப்பவை. கொடூரம் போதிய அளவு இருந்தால் எதிர்ப்பை ஒடுக்கலாம் என்பதும் 1818 இல் மட்டும் கண்டதல்ல. எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியாவில் சோவியத் ஆட்சி 1949 மார்ச்சில் மட்டும் தொண்ணூறாயிரம் பேர் வரை நாடு கடத்தி, காடுகளில் இருந்த எதிர்ப்பாளருக்கு உணவளித்த கிராமங்களை வெறுமையாக்கியது. ஆனால் அந்த ஒடுக்கலை வெற்றி என்று அழைக்கலாமா என்பது எத்தனை ஆண்டுகளை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது, அங்கே எனக்குத் தீர்ப்பு இல்லை. அந்த மூன்று நாடுகளும் 1991 இல் மீண்டும் சுதந்திரம் பெற்றன. கண்டி 133 ஆண்டுகள் பிரித்தானியரிடம் இருந்தது. பிறகு அவர்கள் போனார்கள், அவர்கள் போட்ட பாதையும் நட்ட தேயிலையும் கொண்டுவந்த மக்களும் இருக்கிறோம்.

இன்று நடக்கும் போர்கள் எப்படி முடியும் என்பதை இவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. வானிலிருந்து ஊரை நாள் முழுவதும் கண்காணிக்கும் கருவிகளும், ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியும், ஆக்கிரமிப்பவருக்கு அதிகம் உதவுமா எதிர்ப்பவருக்கு அதிகம் உதவுமா என்பதைத் தீர்மானிக்கப் போதிய அனுபவம் உலகுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஏதாவது ஒரு நகரம் வீழ்ந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த நகரத்தின் பாடசாலை ஆசிரியருக்கும் பொலிஸ்காரருக்கும் அரசாங்கக் கச்சேரி எழுதுவினைஞருக்கும் அடுத்த மாதச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், அவர்கள் வேலைக்கு வந்தார்களா என்று தேடிப் பாருங்கள். 1803 இல் மக்டோவல் கண்ட கண்டியில் அப்படி ஒருவர்கூட இருக்கவில்லை.